பிளம்ஸ் சட்னியும் ஒரு மூடி தீர்த்தமும்

உள்ள வந்து உட்காருங்க தம்பி. வாசல்ல நின்னு பேசினா பாதிப் பேச்சைக் காத்து கொண்டுபோயிடும். அந்த நாற்காலி வேணாம், அதுக்குக் கால் ஆடும். என் ஓரகத்தி வந்தா உட்கார்றதுக்குன்னு போட்டு வச்சிருக்கேன். நீங்க இதுல உட்காருங்க.

இப்பச் சொல்லுங்க. மதுரையில பஸ் ஏறி, வத்தலக்குண்டுல மாறி, இந்த மலையில வளைஞ்சு வளைஞ்சு வந்தது ஒரு காலி பாட்டிலுக்காகவா? சம்சாரத்துக்கு ஏழாம் மாசம், சோத்தைக் கண்டாலே குமட்டுது, இது ஒண்ணுதான் தொண்டையில இறங்குச்சுன்னா சொல்றீங்க? சரி. அவங்க பெரியம்மா போன ஆகஸ்ட்ல எங்க மாதா திருவிழாவுக்கு வந்து வாங்கினது. பத்து மாசம் அலமாரியில கிடந்து, போன மாசம் உங்க வீட்டுக்கு வந்திருக்கு. இப்ப விரலை விட்டு வழிச்சாச்சு. அதே சட்னிதான் வேணும், அந்தப் பேரு போட்டதுதான் வேணும்னு உங்களை அனுப்பி வச்சிருக்காங்க. குடுங்க பாட்டிலை, பாக்கிறேன்.

லேபிள் என்னோடதுதான். பிரகாசியம்மாள், பிளம்ஸ் சட்னி. என் கையெழுத்துதான், ஒவ்வொரு எழுத்தும் எப்படி நிமிர்ந்து நிக்குது பாருங்க. பாட்டிலும் என் பாட்டில்தான். இருங்க, மோந்து பாக்கிறேன்.

ம்.

தரேன் தம்பி. தராம எங்க போகப் போறேன்? உங்களுக்கு நாலரை பஸ்தானே, நேரம் கிடக்கு. என்ன கேக்குறோம்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க. உங்க ஊர்ல சட்னின்னா காலையில அரைச்சு இட்லிக்கு ஊத்தி, மத்தியானம் ஊசிப்போனதும் கொட்டுறது. அது சட்னியில்ல, அவசரம். சட்னின்னா பழத்துல செய்யணும். ஒரு வருஷம் நிக்கணும். நான் இங்க கான்வென்ட் சமையல்கட்டுல முப்பத்தோரு வருஷம் இருந்தவ. மதர் ஒடீல்னு ஒரு வெள்ளைக்காரம்மா, அவங்க கையால கத்துக்கிட்டேன். அவங்களுக்குத் தமிழ்ல பத்து வார்த்தைதான் தெரியும். அதுல ஒண்ணு "தண்ணி", இன்னொண்ணு "கூடாது".

பிளம்ஸைக் கழுவி, துடைச்சு, துணியில பரப்பி ஒரு பகல் முழுக்கக் காய விடணும். கொட்டை எடுத்து நறுக்கணும். இஞ்சி, பூண்டு, வத்தல், கிஸ்மிஸ், சர்க்கரை, வினிகர். பட்டை கிராம்பை மெல்லிசு துணியில மூட்டை கட்டி உள்ள போடணும், பல்லுல கடிபடக் கூடாது. கரண்டியால சட்டியில ஒரு கோடு போட்டா அந்தக் கோடு மூடாம நிக்கணும். அப்பத்தான் பதம். பாட்டிலைக் கொதிக்க வச்சு, அடுப்புச் சூட்டுல கவிழ்த்துக் காய வச்சு, சூடா இருக்கிற பாட்டில்ல சூடா ஊத்தி, மூடி, அண்டாவுக்குள்ள துணி போட்டு நிக்க வச்சு மறுபடி இருபது நிமிஷம் கொதிக்கணும். இதுல எங்கயாவது ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போச்சுன்னா முடிஞ்சது கதை. நான் பாட்டில் நிரப்புற அன்னிக்கு வேர்வை விழுந்துடக் கூடாதுன்னு நெத்தியில துணி கட்டிக்குவேன். அவ்வளவு சுத்தம்.

இருபத்தெட்டு வருஷம் தம்பி. மாதா திருவிழா ஸ்டால்ல வருஷா வருஷம் இருபத்துநாலு பாட்டில் என் பேருல போகும். கோயில் மாதர் சங்கத்துல ஒருத்தி முறுக்கு வைப்பா, ஒருத்தி பின்னல் தொப்பி வைப்பா. அதை யாரு கேட்டா? கீழ இருந்து வர்றவங்க என் மேசை எங்கேன்னுதான் கேட்டுட்டு வருவாங்க. இந்த ஊர்ல என்னை இன்னாரு சம்சாரம்னு யாருக்கும் தெரியாது. சட்னிக்காரம்மான்னா குதிரைக்காரனுக்குக் கூடத் தெரியும்.

இப்ப என் ஓரகத்தி கதைக்கு வர்றேன். பக்கத்து வீடு. நடுவுல ஒரே சுவரு, பின்னால ஒரே பிளம்ஸ் மரம். என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்துட்டாங்க, எனக்கு இவளை விட்டுட்டுப் போயிட்டாங்க. பேரு அமலோற்பவம். அந்தப் பேரை ஒரு லேபிள்ல எழுதிப் பாருங்க, பாட்டிலைச் சுத்தி முதுகுப்பக்கம் போயிடும். ராமநாதபுரம் பக்கத்துக்காரி. பனை மரத்தைத் தவிர மரம் பாக்காதவ. கல்யாணமாகி இங்க வந்து பிளம்ஸைப் பாத்துட்டு, தக்காளி ஏன் மரத்துல காய்க்குதுன்னு கேட்டவ அவ.

அவளும் சட்னி செய்வா. செய்யட்டும், மரத்துல பாதி அவளோடது. எப்படிச் செய்வான்னு கேளுங்க. சர்க்கரைக்குப் பதிலாக் கருப்பட்டி. வினிகருக்குப் பதிலாப் புளி. மதர் ஒடீல் இருந்திருந்தா மயங்கி விழுந்திருப்பாங்க. கடைசியில நல்லெண்ணெய் ஊத்திக் கடுகு தாளிச்சு மேல கொட்டுவா. பதம் பாக்கிறதுக்குக் கரண்டி, தட்டு எதுவும் கிடையாது, உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாப்பா. நிறம் இருக்கே, அடுப்புக்கரி தோத்துடும். ஹார்லிக்ஸ் பாட்டில், காப்பித்தூள் பாட்டில், கஷாயம் வந்த பாட்டில், எது கிடைச்சாலும் அதுல அடைப்பா. லேபிள் கிடையாது. ஒரு நாள் நான் கேட்டேன், இதுக்கு நீ என்ன பேரு வைப்பேன்னு. "இது தொக்குதானே அக்கா"ன்னா. தொக்கு! முப்பத்தோரு வருஷம் கான்வென்ட்ல நான் கத்துக்கிட்டதை ஒரே வார்த்தையில குழம்புச் சட்டிக்குள்ள போட்டுட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. உன் தொக்கு மூணு மாசம் தாங்காதுடின்னு சொல்லிட்டு வந்தேன்.

சிரிக்காதீங்க. ஆமா, பத்து மாசம்னு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. இருங்க, அதுக்கு வர்றேன்.

போன வருஷம் எங்க கோயிலுக்கு நூறு வருஷம். பெரிய திருவிழா, பிஷப் வர்றாங்கன்னு பேச்சு. நான் ஒரு நேர்ச்சை வச்சேன். இந்த வருஷச் சட்னி சும்மா சட்னியா இருக்கக் கூடாது, மந்திரிச்ச சட்னியா இருக்கணும்னு. தவக்காலத்துல கீழ ஒரு மாதா கோயிலுக்கு நடைப்பயணம் போனோம், அங்க இருந்து அஞ்சு லிட்டர் கேன்ல தீர்த்தம் பிடிச்சு, பஸ்ல மடியில வச்சுக் கொண்டுவந்தேன். ரெண்டு மாசம் மாதா படத்துக்குக் கீழ வச்சுக் கும்பிட்டேன். மே கடைசியில பாட்டில் நிரப்பினப்ப ஒவ்வொரு பாட்டில்லயும் சட்னிக்கு மேல ஒரு மூடி தீர்த்தம் விட்டு, அருள் நிறைந்த மரியே ஒண்ணு சொல்லி, இறுக்கி மூடினேன். ஒண்ணே ஒண்ணு, எப்பவும் போல அண்டாவுல வச்சுக் கொதிக்க வைக்கல. தீர்த்தத்தைப் போய்க் கொதிக்க வைப்பாங்களா தம்பி? பாவமில்லையா? அந்த வேலை மிச்சம்.

அன்னிக்கு இவதான் கூட நின்னு மூடி எடுத்துக் குடுத்தா. எடுத்துக் குடுக்கும்போதே வாயைத் திறந்தா, "அக்கா, தீர்த்தம்னாலும்..." அப்படின்னு ஆரம்பிச்சா. நான் ஒரு பார்வை பாத்தேன். நிறுத்திக்கிட்டா. விசுவாசம் இல்லாதவ. தீர்த்தமும் தண்ணியும் ஒண்ணுன்னு நினைக்கிற ஜென்மம். குழாய்ல வர்றது தண்ணி. சாமியார் கை வச்சு ஜெபிச்சா அது தண்ணியில சேருமா? உங்களுக்கே தெரியுதுல்ல? நீங்க என்ன வேதமோ, இருந்தாலும் தெரியும்.

ஆகஸ்ட்ல திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாட்டிலைத் துடைச்சு லேபிள் ஒட்டலாம்னு எடுத்தேன். முதல் பாட்டிலைத் தொட்டதும் மூடி மேல எழும்பி நிக்குது. திறந்தா புஸ்ஸுன்னு நுரை. கள்ளுக்கடை வாசம். ரெண்டாவதும் அப்படி. இருபத்துநாலும் அப்படி. நான் தரையில உட்கார்ந்துட்டேன் தம்பி. பிளம்ஸ் சீசன் போயாச்சு, மரத்துல இலைதான் இருக்கு. அறிவிப்புப் பலகையில என் பேரு எழுதியாச்சு. இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா என் மேசை காலியா இருக்கப் போகுதுன்னு நினைச்சப்ப, எனக்கு மாதா மேலயே கோபம் வந்துச்சு. அழுதேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன, அழுதேன்.

சத்தம் கேட்டு இவ ஓடி வந்தா. பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. அன்னிக்கு மூடி எடுத்துக் குடுத்தது யாரு? இவ. பாத்திரம் கழுவிட்டு அப்படியே சேலையில கையைத் தடவிட்டு வந்து நிக்கிற பழக்கம் யாருக்கு? இவளுக்கு. உன் ஈரக் கையாலதாண்டி என் மானம் போச்சுன்னு கத்தினேன். மாதர் சங்கத்துல ரெண்டு பேரு வாசல்ல நின்னு கேட்டாங்க, கேக்கட்டும்னுதான் கத்தினேன். அவ கொஞ்ச நேரம் அந்தத் தீர்த்தக் கேனையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் என்னைப் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா: "ஆமாக்கா, என் கைதான் ஈரமா இருந்துச்சு."

கேட்டீங்களா? அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் அடிக்கல, மிரட்டல. மனசாட்சி உறுத்தியிருக்கு, ஒத்துக்கிட்டா. அந்த ஒரு குணத்துக்காகத்தான் இன்னும் அவளைச் சேர்த்து வச்சிருக்கேன்.

குத்தம் பண்ணினவ ஈடு கட்டணுமில்லையா? அன்னிக்குச் சாயங்காலம் அவ வீட்டுல இருந்த அத்தனை தொக்கையும் தூக்கிட்டு வந்தா. ஹார்லிக்ஸ் பாட்டில், காப்பி பாட்டில் எல்லாம். திருப்பூர்ல இருக்கிற மகளுக்கும், ஊர்ல தங்கச்சிக்கும் அனுப்புறதுக்கு வச்சிருந்ததாம். ஒரு பாட்டில் கூடத் தனக்குன்னு எடுத்து வைக்கல. என் பாட்டிலையெல்லாம் கழுவி, கொதிக்க வச்சு, காய வச்சு, தொக்கைத் திரும்பச் சூடு பண்ணி அடைச்சு, அண்டாவுல இறக்கி எடுத்தா. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து மேற்பார்வை பாத்தேன். மூடியை இப்படிப் பிடி, துணியை அப்படிப் போடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் சொல்லலைன்னா அதையும் கெடுத்திருப்பா. லேபிள் நான் எழுதினேன். அவளோட கோழிக் கிறுக்கல்ல எழுத விடுறதா?

திருவிழா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, பூசை முடியறதுக்குள்ள இருபத்துநாலும் போயிடுச்சு. பிஷப் வீட்டுக்கு ரெண்டு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. சாமியார் மைக்கைப் பிடிச்சு, நம்ம பிரகாசியம்மா இத்தனை வருஷத்துல இந்த வருஷம்தான் உச்சத்தைத் தொட்டிருக்காங்கன்னு சொல்லி, எனக்குப் பொன்னாடை போத்தினாரு. எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் சாமியார் போத்தும்போது தட்டி விட முடியுமா? மூணாவது வரிசையில இவ உட்கார்ந்து கை தட்டுறா. நல்லாத் தட்டினா. எனக்கு அவளைப் பாக்கவே பிடிக்கல. வெக்கமில்லாதவ, தன் தொக்கை அடுத்தவ பேருல விக்கிறாங்கன்னு ஒரு சுரணை வேணாமா?

அந்தப் பொன்னாடை பெட்டியில இருக்கு. நான் இன்னும் பிரிச்சுக் கூடப் பாக்கல.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? அதேதான். உங்க வீட்டுல வழிச்சுச் சாப்பிட்டது அதுதான். மோந்ததுமே தெரிஞ்சுது, கருப்பட்டி. அதுக்கென்ன இப்ப? வாய்க்குப் பிடிச்சிருக்கும், மசக்கையில சாம்பல் கூடத்தான் பிடிக்கும். ஒரு தடவை நிஜமான சட்னியைச் சாப்பிட்டா அந்தப் பொண்ணு இதைத் திரும்பிப் பாக்காது. லேபிள்ல என்ன போட்டிருக்கு? பிரகாசியம்மாள். நீங்க யாரைத் தேடி வந்தீங்க? பிரகாசியம்மாளை. அப்ப பிரகாசியம்மா செஞ்சதைத்தானே கொண்டுபோகணும்? அதே பாட்டில், அதே எழுத்து. வீட்டுல ஒண்ணும் சொல்ல வேணாம். ருசி வேற மாதிரி இருக்கேன்னு கேட்டா, இந்த வருஷப் பழம் அப்படின்னு சொல்லுங்க.

இந்த வருஷம் பிசகுக்கு இடமே வைக்கல. அவளைச் சமையல்கட்டுப் பக்கமே விடல. பழம் நான் பறிச்சேன், நான் நறுக்கினேன், நான் கிண்டினேன், மூடியும் நானே எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, ஒத்தாசைக்கு வரட்டுமாக்கான்னு ரெண்டு தடவை கேட்டா. நீ உன் தொக்கைப் பாருன்னுட்டேன். தீர்த்தமும் குறை வைக்கல. போன வருஷம் ஒரு மூடி, இந்த வருஷம் ரெண்டு மூடி. மாதாவுக்கும் எனக்கும் நடுவுல இனி ஒரு ஈரக் கை கிடையாது.

உட்காருங்க, எடுத்துட்டு வர்றேன். உள் ரூம்ல கட்டிலுக்கு அடியில இருட்டுல வச்சிருக்கேன். மூடின நாள்ல இருந்து தொடல, அஞ்சு வாரம் ஆச்சு.

இந்தாங்க. நிறத்தைப் பாருங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, மாணிக்கம். அவளோடது மாதிரி கரியா? மூடி கொஞ்சம் மேல வந்த மாதிரி இருக்கா? இல்ல, அது மூடியோட வாகு. ஒரு ஸ்பூன் ருசி பாத்துட்டுக் கொண்டுபோங்க. இருங்க, திறக்கிறேன்.

தள்ளிக்கோங்க. தள்ளிக்கோங்க தம்பி, சட்டையில படப்போகுது.

அந்தத் துணியை எடுங்க. அது இல்ல, கொடியில கிடக்கே, அது.

இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு பாட்டில் அப்படி இருக்கும். இருங்க, இன்னொண்ணு எடுத்துட்டு வர்றேன்.

இன்னொண்ணும்.

வேணாம், மூணாவதை நான் திறக்கல. கட்டிலுக்கு அடியில குனிஞ்சப்பவே வாசம் வந்துச்சு. உங்ககிட்ட சொல்லல.

அவ கை படல தம்பி. நான் அவளைக் கிட்ட விடவே இல்ல. மூடியைக் கூட நான்தான் எடுத்தேன். என் கை காஞ்சிருந்துச்சு. பாருங்க இந்தக் கையை. மூணு தடவை துடைச்சேன்.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் கேனைப் பாக்காதீங்க. அவளும் அன்னிக்கு இப்படித்தான் அதைப் பாத்தா. தீர்த்தம் தண்ணியில சேராது. சேராதுன்னா சேராது.

மணி என்ன? மூணே முக்காலா? அப்ப எழுந்திரிங்க. இந்தக் கருமத்தை எடுத்துட்டுப் போய் ஒரு புள்ளத்தாச்சி வயித்துல நான் கொட்ட முடியாது. அந்தப் பாவம் எனக்கு வேணாம். பக்கத்து வீடுதான், பச்சைக் கதவு. தட்டுங்க. இந்தக் காலி பாட்டிலைக் காட்டி, இது வேணும்னு கேளுங்க. ஹார்லிக்ஸ் பாட்டில்ல குடுப்பா, வாங்கிக்கோங்க. ரெண்டாக் குடுக்கச் சொல்லுங்க, பிரசவம் வரைக்கும் ஆகும். லேபிள் இருக்காது. உங்க சம்சாரம் கேட்டா அமலோற்பவம்னு சொல்லுங்க. பேரு நீளம்தான், மறந்துடாதீங்க. என்ன பேரு? ம், அதான்.

போன வருஷத்தைப் பத்தி நான் சொன்னதை அவகிட்ட மூச்சு விடாதீங்க. நான் அனுப்பினேன்னும் சொல்ல வேணாம். வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லுங்க.

தம்பி, ஒரு நிமிஷம். திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. அக்கா கூப்பிடுறான்னு சொல்லுங்க. இந்நேரம் அவ பாத்திரம்தான் தேய்ச்சுக்கிட்டு இருப்பா. கையைத் துடைக்க வேணாம்னு சொல்லுங்க. அப்படியே வரட்டும்.